எட்டு இருபது பஸ்ஸுக்கு என்ன லேபிள்?

கட்டின புருஷனாக இருந்தால் இப்படியா காதோரம் வந்து பேசுவான்? இது வேற கேஸ் என்று சிவரஞ்சனி தீர்ப்பே எழுதிவிட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் எட்டு இருபது டவுன் பஸ். மூன்றாவது சீட்டில் தினமும் ஒரு ஜோடி. அவன் முதலில் ஏறி, கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பான். அவள் பஸ் கிளம்புகிற நேரத்தில் எங்கிருந்தோ ஓடி வருவாள். அப்புறம் ஒரே குசுகுசு, சிரிப்பு. மில் ஸ்டாப்பில் அவன் மட்டும் இறங்கி, பஸ் மறையும்வரை கை காட்டுவான்.

புருஷனாவது, கை காட்டுவதாவது!

இந்த விஷயத்தில் சிவரஞ்சனியின் கண் லேசுப்பட்டதில்லை. டிவி சீரியலில் டைரக்டர் பிரித்து வைத்த ஜோடிகளை, செல்போனில் கதை எழுதிச் சேர்த்து வைப்பவள் அவள். அதற்கு ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பெயர். நாலாயிரம் வாசகிகள்.

கதைக்கு மேலே, யாருக்கு யார் என்ன உறவு என்று லேபிள் போட்டாக வேண்டும். 'மோதலில் முளைத்த காதல்', 'மெதுவாகப் பற்றும் காதல்', 'நண்பர்கள் மட்டும்' இப்படி. லேபிளைப் பார்த்துத்தான் வாசகிகள் உள்ளே வருவார்கள். தப்பாகப் போட்டால் கமெண்ட்டில் கிழித்துத் தொங்கவிட்டு விடுவார்கள். சிவரஞ்சனிக்கு இதுவரை ஒரு லேபிளும் தப்பாகப் போனதில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு நிறையவே உண்டு.

"நம்ம ரெண்டு பேருக்கும் என்ன லேபிள் போடுவ?" என்று ஒருநாள் அவள் வீட்டுக்காரன் லிங்கேஸ்வரன் கேட்டான்.

"நமக்கா? கல்யாணமாகி பதினோரு வருசம் ஆச்சு. அந்தக் கதைய எவ படிப்பா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவனுக்கும் ராஜபாளையத்தில்தான் வேலை, அதே எட்டு இருபதுதான். அவள் முன்வாசலில் ஏறுவாள், அவன் பின்வாசலில். முன்பெல்லாம் டிக்கெட்டையாவது சேர்த்து எடுப்பான். பெண்களுக்கு இலவசம் வந்ததும் அந்த ஒட்டும் விட்டுப்போனது.

சிவரஞ்சனி சீரியல் ஜோடியைத் தூக்கிவந்து அந்த மூன்றாவது சீட்டில் உட்கார வைத்தாள். கைக்குட்டை, ஓட்டம், குசுகுசு, கை காட்டல், ஒன்றையும் விடவில்லை. மேலே லேபிள்: 'கள்ளக்காதல்'. கதை பிய்த்துக்கொண்டு ஓடியது.

வியாழக்கிழமை அவன் வரவில்லை. ஓடி வந்தவள், மூச்சு வாங்க சிவரஞ்சனி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தனியா வாரதுக்கு என்னமோ போல இருக்குக்கா. அவியளுக்குக் காய்ச்சல்."

"யாருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு. தினமும் என் பக்கத்துல இருப்பாவளே!"

சிவரஞ்சனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வீட்டுக்காரரா?"

"ஆமாக்கா. அவிய சோலைராஜ், நான் பரிபூரணம். வீட்ல மாமியா, மாமனாரு, கொழுந்தன் குடும்பம்னு அம்புட்டுப் பேரும் ரெண்டே ரூம்ல. மனசுவிட்டு ஒரு வார்த்தை பேச முடியாது. பிள்ளைய ஸ்கூல் வேன்ல ஏத்திவிட்டுட்டு நான் ஓடியாரதுக்குள்ள அவிய இடம் பிடிச்சிருவாவ. இந்த அரை மணி நேரம்தான் எங்களுக்குன்னு இருக்கு."

சொல்லிக்கொண்டே செல்போனைத் திறந்தாள். திரையில் சிவரஞ்சனியின் கதை.

"இதைப் படிச்சியளா? அப்படியே எங்களை மாதிரியே இருக்கு. லேபிளைப் பார்த்ததுல இருந்து அவியளுக்கு முகமே சரியில்ல. ‘ஊரும் நம்மள இப்படித்தான் நினைக்குமோ பரிபூரணம், நாளையில இருந்து தள்ளி உட்காந்துக்கிடுவோமா’ன்னு கேக்காவ."

சிவரஞ்சனிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தள்ளியெல்லாம் உட்காராதீங்கம்மா" என்றாள் அவசரமாக. "லேபிள் போட்டவளுக்குக் கண்ணு சரியில்ல. செத்த நேரத்துல மாத்திருவா, பாரு."

கைப்பைக்குப் பின்னால் போனை மறைத்துக்கொண்டு, 'கள்ளக்காதலை' அழித்தாள். 'புருஷன் பொண்டாட்டி' என்று போட்டாள். அவளிடம் இருந்த இருபத்தாறு லேபிள்களில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. புதிதாகத்தான் டைப் செய்ய வேண்டியிருந்தது.

"அட, மாறிருச்சே!" பரிபூரணத்துக்கு முகமெல்லாம் பல். உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நாங்களும் சும்மா இல்லக்கா. பஸ்ல வார ஆளுகளுக்கெல்லாம் லேபிள் போட்டுத்தான் சிரிச்சுக்கிட்டு வருவோம். உங்களுக்கும் ஒண்ணு இருக்கு. கோவிச்சுக்கிட மாட்டியளே?"

"சொல்லு, சொல்லு."

"கடைசி சீட்டுல ஒரு அண்ணன் வருவாவ. நீங்க ஏறாம அவிய ஏற மாட்டாவ. நீங்க கண்ணசந்துட்டா எந்திரிச்சு எந்திரிச்சு எட்டிப் பார்ப்பாவ. உங்க ஸ்டாப்பு வரவும் கண்டக்டர்ட்ட ‘விசிலைப் பலமா அடிங்க’ம்பாவ, நீங்க முழிக்கணும்ல. நீங்கதான் ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்ல. அதனால 'ஒருதலைக் காதல்'னு போட்டுட்டோம்."

சிவரஞ்சனி திரும்பிப் பார்த்தாள்.

காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலச் சட்டையில் லிங்கேஸ்வரன். கண்ணும் கண்ணும் மோதியதும், பிடிபட்டவனைப் போல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"யாருக்கா அவிய? உங்களுக்குத் தெரிஞ்சவியளா?"

சிவரஞ்சனி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கடைசி சீட்டில் அவனுக்குப் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது.

"இல்ல பரிபூரணம், இனிமேதான் பேசிப் பழகணும்."