கனகலட்சுமியின் பாஸ்வேர்டு

"அந்த அக்கா பாஸ்வேர்டைத் தரமாட்டேங்காங்க அண்ணாச்சி. எதுக்கெடுத்தாலும் அவங்க வந்து தட்டுத வரைக்கும் நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்க வேண்டியிருக்கு."

மேனேஜர் சண்முகையாவிடம் கோகுல் இப்படிப் புகார் சொல்வது முதல் தடவை இல்லை.

"நான் பேசுதேன். இன்னைக்குக் கோயில்ல ஆடித்தபசுத் திருவிழா, லீவு. தறி ஓடாது. சர்வர் அப்டேட்டை முடிச்சிருங்க. நாளைக்குக் காலையில லோடு ஏறணும்."

பேசுவாராம்! போன தடவையும் இதையேதான் சொன்னார்.

விசைத்தறிச் சேலைக் கம்பெனி அது. வெளியூர்க் கடைகளின் ஆர்டர், பில் எல்லாம் மாடியறையில் இருக்கும் ஒரே சர்வரில்தான். அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர். சீனியர் கனகலட்சுமி, புதிதாகச் சேர்ந்த கோகுல். கோகுல் எதைத் தொட்டாலும் 'அனுமதி இல்லை' என்று திரை முகத்தில் அடிக்கும். எல்லாக் கதவையும் திறக்கும் பாஸ்வேர்டு கனகலட்சுமியின் தலைக்குள் பத்திரமாக இருந்தது.

கோகுலுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவன் பேச்சிராஜ். "தங்கமான பையன். தனக்குப் போட்டியா வந்துருவான்னு பயந்து அந்தம்மாதான் போட்டுக் கொடுத்து விரட்டிட்டா. நீயும் பாத்து இருந்துக்கோ" என்று பில் போடும் கணேசன் டீ குடிக்கும்போதெல்லாம் ஓதுவார்.

கோகுல் மாடிக்கு வந்தபோது கனகலட்சுமி வேலையைத் தொடங்கியிருந்தாள். அவனைக் கண்டதும் இடது கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டைத் தட்டினாள். பக்கத்தில் திருடனா உட்கார்ந்திருக்கிறான்? அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்டேட் பாதி ஓடியிருக்கும். அவள் போன் அடித்தது. தங்கச்சி. கோயில் கூட்டத்தில் அம்மாவைக் காணவில்லையாம்.

"ஏலே, நீ இங்கனயே இரு. எதையும் தொட்டுறாத" என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஓடிய ஓட்டத்தில் திரையைப் பூட்ட மறந்துவிட்டாள்.

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் அப்டேட் நின்றது. ஏதோ ஒரு ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லையாம்.

கோகுலுக்குச் சிரிப்பு வந்தது. இதற்கு ஒரு அக்கா வேண்டுமா? செல்போனில் தேடினான். ஃபோல்டரை எல்லாருக்கும் திறந்துவிட ஒரே ஒரு வரி கிடைத்தது. அதை அப்படியே அடித்தான். நடுவில் விரல் பட்டு ஒரு இடைவெளி விழுந்ததைக் கவனிக்காமல் என்டரைத் தட்டினான்.

ஒரு ஃபோல்டருக்குப் போக வேண்டிய வரி மொத்த சர்வருக்கும் போய்விட்டது. எல்லாப் பூட்டும் திறந்து கிடந்தால் பத்திரம் இல்லை என்று, பில் போடும் புரோகிராம் தன்னால் நின்றுகொண்டது. திரும்ப ஓட்டிப் பார்த்தான். ஓடவில்லை.

குருவிகுளத்தில் மழையை நம்பி விவசாயம் பார்க்கிற கோகுலின் அப்பா, மகன் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருப்பதைச் சொல்லித்தான் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார். அந்த உத்தியோகத்தை அவனே தொலைத்துவிட்டான்.

அம்மாவைக் கண்டுபிடித்து வீட்டில் விட்டுவிட்டு வந்த கனகலட்சுமி, திரையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான்க்கா" என்றான்.

அவள் பதில் சொல்வதற்குள் சண்முகையா மாடியேறி வந்துவிட்டார்.

"பில் ஒண்ணும் தொறக்கலை! நாளைக்கு லோடு எப்படிப் போகும்? யாரு பண்ணுன வேலை இது?"

"அண்ணாச்சி, நான்..."

"நீ சும்மா இருடே! பாஸ்வேர்டு இல்லாம நீ என்னத்தப் பண்ணியிருப்ப? காலையிலதான அழுதுட்டுப் போன?"

"நான்தான் அண்ணாச்சி" என்றாள் கனகலட்சுமி. "அம்மாவைக் காணலங்குத பதட்டத்துல ஒரு வரியைத் தப்பா அடிச்சிட்டேன்."

சண்முகையா வாய்க்கு வந்தபடி ஏசினார். "உங்களை இப்பவே வீட்டுக்கு அனுப்பணும்!" என்று முடித்தார்.

"அனுப்புங்க. ஆனா காலையில லோடு ஏறதுக்குள்ள இதைச் சரி பண்ண ஆளு வேணும்லா?"

அவர் தடதடவென்று இறங்கிப் போனார்.

கனகலட்சுமி பேக்கப்பை எடுத்துச் செருகினாள். ஒன்றுமே நடக்காதது மாதிரி வேலையில் இறங்கினாள். கோகுலுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

"ஏன்க்கா? உங்க மேலயே புகார் சொன்னவன்க்கா நான்."

"தெரியும். நீ ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அண்ணாச்சி என்கிட்ட வந்து கேப்பாரு. நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன். பாஸ்வேர்டு உன்கிட்ட இல்லைங்குதது அவருக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கணும்லா?"

கோகுலுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்ப பேச்சிராஜ் அண்ணன்?"

அவள் விரல்கள் நின்றன.

"போன வருஷம் சர்வர் டிஸ்க் பழசாகித் தானாப் போச்சு. யாரு மேலயும் தப்பு இல்ல. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். பழி போட ஒரு ஆளு வேணும்னுட்டாங்க. என்னை அனுப்புனா சர்வரைப் பாக்க ஆளு இல்ல. பாஸ்வேர்டு தெரிஞ்ச இன்னொரு ஆளு அவன்தான். புதுசா வந்தவன் வேற. அவனை அனுப்பிட்டாங்க."

நாற்காலியைக் கோகுல் பக்கம் திருப்பினாள்.

"அவன் பாஸ்வேர்டு கேட்ட அன்னைக்கே நான் கொடுத்துட்டேன்லே மக்கா."