எட்டாம் நாள்

பிரகாசியம்மாள் கைக்குழந்தையின் சட்டையைக் கழற்றிவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடிசை வாசலில் நின்றிருந்தாள்.

ஜெயசிங் தயங்கினான். அம்மை குத்தும் வேலையில் சேர்ந்த இரண்டு வருடத்தில் ஒருவரும் அவனுக்காகக் காத்து நின்றதில்லை.

அவன் வருவது தெரிந்தாலே மணவாளக்குறிச்சிக் கடற்கரை காலியாகிவிடும். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தென்னைகளுக்குள் ஓடுவார்கள். அழுகிற பிள்ளையை அடக்க, "அச்சுக்குத்துகாரன் வாறான்" என்று சொன்னால் போதும். போன வாரம் ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் காது கேளாதவர்கள் போலத் திரும்பிக்கொள்வார்கள்.

அவனுக்கு இருபத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. வாத்தியார் ஆக வேண்டும் என்றுதான் சிறு வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். அப்பா யோவான் யார் யாரையோ பிடித்து இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். சர்க்கார் உத்தியோகம். மறுத்துப் பேச அவனுக்கு வாய் வரவில்லை.

இப்போது, ஆசைப்பட்டதே கிடைத்துவிட்டது. அருமனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை. நாளை மறுநாள், திங்கட்கிழமை, சேர வேண்டும்.

ராஜினாமாக் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. மாலையில் மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டால் முடிந்தது. இந்தக் குடிசைதான் கடைசி.

"உள்ள வாங்க சாரே," என்றாள் பிரகாசியம்மாள்.

பாயை உதறி விரித்தாள். கேட்காமலே ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் முழுவதையும் குடித்தான்.

குழந்தையின் கையைத் துடைத்து, மருந்துத் துளியை வைத்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டி ஆறவைத்த கத்தியை அழுத்தித் திருகினான். குழந்தை வீறிட்டது. மற்ற தாய்மார்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடம் அது. இவள் திருப்பவில்லை. அந்தச் சிறிய கை அசையாதபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கத்தி திரும்புவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது அச்சும் குத்தி முடித்தான்.

அவள் குழந்தையின் கையில் மெல்ல ஊதினாள். ஊதிக்கொண்டே பேசினாள்.

"போன வருசம் நீங்க வந்தப்ப, மூத்தவன் அம்மாச்சி வீட்டுக்குப் போயிருக்கான்னு சொன்னேனே, ஓர்மையிருக்கா சாரே?"

அவன் தலையாட்டினான்.

"அது பொய். கிளீட்டஸ் உள்ளதான் இருந்தான். நான்தான் ஒளிச்சு வச்சேன். செபஸ்தியாரு காப்பாத்துவாருன்னு இருந்துட்டேன். பங்குனியில வசூரி வந்து ஒடம்பெல்லாம் முத்துப் போட்டுச்சு. பன்னெண்டு நாளு கெடந்தான். நாலு வயசு."

வெளியே யாரோ வலையைத் தட்டி உதறும் சத்தம் கேட்டது.

"எம் பிள்ளைய நான்தான் கொன்னேன். அவனுக்க அப்பன்கிட்டகூட இதச் சொல்லல்ல. நீங்க நல்ல மனுசன், என் பேச்ச நம்பிப் போனிய. ஒங்கள ஏமாத்திட்டேன். மன்னிக்கணும் சாரே."

அவள் அழவில்லை. அழுது முடித்தவளின் குரல் அது. ஜெயசிங் ஸ்பிரிட் விளக்கை அணைத்தான். கத்தியைத் துணியில் சுற்றினான். மறுபடியும் பிரித்துச் சுற்றினான். ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. ஒரே வார்த்தைதான். அதைச் சொல்லியிருந்தால் அவள் சுமை பாதியாகக் குறைந்திருக்கும்.

அவன் சொல்லவில்லை.

"எட்டாம் நாளு புண்ணப் பாக்க நீங்கதான வருவிய?" என்று கேட்டாள். "வேற ஆளு வந்தா எனக்குப் பயமா இருக்கும்."

எட்டாம் நாள் அவன் அருமனையில் இருக்க வேண்டியவன்.

"நான்தான் வருவேன்," என்றான்.

எட்டாம் நாள் போனான். புண் நன்றாகப் பழுத்திருந்தது; மருந்து பிடித்துவிட்டது. அதற்குள் அருமனை வேலை இன்னொருவனுக்குப் போய்விட்டது. பையனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று யோவான் சபையில் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அடுத்த வருடமும் போனான். அதற்கடுத்த வருடமும். அந்தப் பக்கத்துத் தாலுகாக்கள் மலையாள நாட்டிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்ஜியத்தோடு சேர்ந்து, ஆபீஸ் பலகைகளெல்லாம் மாறிய பிறகும் அதே கடற்கரையில்தான் நடந்துகொண்டிருந்தான். கதவைச் சாத்தினால் முன்புபோலத் திரும்பிப் போவதில்லை. சுடுகிற மணலில் உட்கார்ந்துவிடுவான். திறக்கும் வரை எழுந்திருக்கமாட்டான். வேலையில் இப்படி ஒரு பக்தியா என்று மேலதிகாரியே வியந்தார்.

அந்த வேலையை அவன் ஒருநாளும் நேசிக்கவில்லை.

பிரகாசியம்மாளிடம் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். கிளீட்டஸ் உயிரோடிருந்த அந்த வருடம் அவள், பிள்ளை ஊரில் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பையன் அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்தான்.

ஜெயசிங் அதைக் கேட்டான்.

நல்ல வெயில். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. ஒரு பிள்ளையாவது நம்மிடமிருந்து தப்பித்ததே என்று நினைத்து, தனக்குள் சிரித்துக்கொண்டே நடந்தான்.