ஐம்பதாவது நெடுவரிசை

மதிய வெயில் மருத்துவமனைக் கட்டிலின் கால்மாட்டில் சதுரமாக விழுந்து கிடக்கிறது. பக்கவாதத்தில் பேச்சு நின்றுபோன அப்பாவின் முன்னால், சாப்பாட்டுப் பலகை மேல் மகனின் மடிக்கணினி. கறுப்புத் திரையின் இடது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக 'தண்ணீர்', 'வலி', 'மகன்' என்று மூன்று சொற்கள். வேண்டியதை அவர் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். தொடவில்லை. "இடது பக்கம் இருக்கறத அவரு மூளை கண்டுக்கறதே இல்ல சார். தட்டுல கூட வலது பாதியத்தான் காலி பண்றாரு," என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த அறைக்குப் போகிறார். மகன் தன் சி மொழி நிரலைத் திறக்கிறான். எழுத்து தொடங்கும் இடத்தை, கர்சரை, இடமிருந்து ஐந்தாவது நெடுவரிசையில் நிறுத்தச் சொல்லியிருந்ததை அழித்து, ஐம்பது என்று மாற்றுகிறான். பிழை என்று கணினி எதுவும் சொல்லவில்லை, முன்பும் சொல்லவில்லை. சொற்கள் மூன்றும் வலப்பக்கம் போய் ஒண்டிக்கொள்கின்றன. இடப்பாதி வெறும் கறுப்பு. அதில் அவன் முகம் மங்கலாகத் தெரிகிறது. போர்வையிலிருந்து அப்பாவின் விரல் எழும்புகிறது. 'தண்ணீர்' தாண்டி, 'வலி' தாண்டி, 'மகன்' மேல் அழுந்துகிறது. நகம் வெளுக்கும்வரை எடுக்கவில்லை. "இங்கதான்பா இருக்கேன். தெனமும் இங்கயேதான் உக்காந்திருக்கேன்," என்கிறான், அப்பாவின் இடப்பக்க நாற்காலியிலிருந்து. குரல் கேட்டு அப்பாவின் முகம் மலர்கிறது. ஆவலாக வலப்பக்கம் திரும்புகிறார். அங்கே கிடக்கும் காலி நாற்காலியைப் பார்க்கிறார், வாசலைப் பார்க்கிறார். பிறகு விரல் மறுபடியும் 'மகன்' மேல் வந்து நிற்கிறது.