ஐந்து சாண் வேலி

"இன்னைக்கு வேலியை வெட்ட வேண்டாம்ப்பா" என்றார் அம்மா.

கத்தரியைத் தீட்டி, குச்சி நட்டு, கயிற்றையும் இழுத்துக் கட்டிய பிறகு இப்படிச் சொன்னால் எந்தத் தோட்டக்காரனுக்குத்தான் எரிச்சல் வராது?

மாதம் ஒருமுறை இந்த வீட்டுக்கு வருகிறேன். புல் வெட்டுவேன், சருகு வாருவேன், பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் நடுவே நிற்கும் வேலிச்செடியை மட்டமாக வெட்டிவிடுவேன். இங்கே இருப்பது வீட்டுக்கார அம்மா ஒருவர்தான்.

பக்கத்து வீட்டில் அவருடைய சொந்தத் தங்கை.

பதினோரு வருஷமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. அவர்களைப் பெற்றவள் தங்கை வீட்டில்தான் கண்ணை மூடினாள். இவருக்குச் சொல்லிவிட நேரமாகிவிட்டதாம். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

"கூப்பிட்டா கேக்கிற தூரம். கூப்பிடலையே" என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

சாவு நடந்த அடுத்த மாதமே வேலியை நட்டுவிட்டார். நான் வேலைக்கு வந்தபோது அது ஆளையே மறைத்து நின்றது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் திடீரென்று ஒரு சாண் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். அடுத்த மாதம் இன்னொரு சாண். அதற்கடுத்த மாதமும். காற்று வரவில்லை என்பார், கொசு அடைகிறது என்பார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, போன மாதம் வேலி என் தொடை உயரத்துக்கு வந்துவிட்டது.

நானும் சும்மா இருக்கவில்லை. இது சோம்பேறிச் செடி, வெட்டுவது ஒரு நிமிஷம், ஒரு சாண் வளர ஒரு வருஷம் ஆகும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மட்டம் பார்க்கிற கூத்து தனி. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அம்மா வராந்தாவில் தன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடி கீழே, இன்னும் கீழே என்று கையைக் காட்டுவார். ஒருநாளும் எழுந்து வேலிப்பக்கம் வந்ததில்லை. வந்தால் தங்கைக்குத் தோற்றதாகிவிடும் என்று பயம்போலிருக்கிறது என எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

அந்தப் பக்கம் நடந்ததை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தங்கை முதலில் நின்றபடி துணி உலர்த்துவார். பிறகு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அப்புறம் வராந்தாவில் சுவரோரமாகக் கட்டில் போட்டுவிட்டார்கள். ஐயோ பாவம் என்று தோன்றும். அதற்குள் கயிறு தொய்ந்துவிடும், என் கவனம் கயிற்றுக்குப் போய்விடும்.

இன்று அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கூச்சத்தோடு உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன்.

வேலியின் மேல்விளிம்பை ஒட்டி, கொஞ்சமும் பிசகாமல், பக்கத்து வராந்தாவின் கட்டில் தெரிந்தது. ஓர் இலைகூடக் குறுக்கே இல்லை. தலையணை இருக்க வேண்டிய இடம் என் கண்ணுக்கு நேர் எதிரே இருந்தது.

தலையணை இல்லை. மெத்தையைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார்கள்.

தண்ணீரைக் கீழே வைத்துவிட்டேன்.

"இந்தத் தடவை யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கலப்பா" என்றார் அம்மா. "நானே பாத்துட்டேன். கை தூக்கினா, அப்புறம் கீழ போட்டுட்டா. ஓடினேன். தெருவழியா சுத்திக்கிட்டுப் போய்ச் சேர்றதுக்குள்ள போயிட்டா."

வேலியைக் கையால் காட்டினார்.

"அஞ்சு தடவை கத்தரியும் கையுமா என் முன்னாடி நின்ன. ஒரு ஆள் நுழையற அளவுக்கு நடுவுல ஒரு வழி வெட்டச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லையே."

எனக்கும்தான் தோன்றவில்லை. வழி வெட்ட அரை மணிகூட ஆகியிருக்காது.

வேலி மறுபடி எப்போது மறைக்கும் என்று கேட்டார். இரண்டு மழை பெய்தால் வந்துவிடும் என்றேன். செடி விஷயத்தில் நான் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை. அம்மா நம்பினாரா என்று தெரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

கயிற்றை அவிழ்க்க வேலிக்குப் போனேன். குச்சியைப் பிடுங்கிவிட்டு நிமிரும்போதுதான் கட்டிலின் கீழ்ப்பாதி கண்ணில் பட்டது. நாற்காலியிலிருந்து பார்த்தால் அது தெரியாது.

சுவரோரம் இருந்த கட்டிலை வேலியைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார்கள். இழுத்த தடம் தரையில் கோடாக இருந்தது. தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே செங்கல் அடுக்கியிருந்தது. அடியில் இருந்தது அழுக்கேறிய கல். அதற்கு மேல் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பு மாறாத புதுக் கல்.

அந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவர் மாதாமாதம் மட்டம் பார்த்திருக்கிறார்.

கயிற்றைக் கையில் சுற்றியபடி நின்றேன். சொன்னால் தாங்குவாரா என்று தெரியவில்லை. சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

"அம்மா, கொஞ்சம் வேலிகிட்ட வாங்களேன்" என்று கூப்பிட்டேன்.

கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.