இம்பார்ஷியல் மாஸ்டர்

இது நான் நேரில் கேட்டதல்ல. டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்த என் அத்தை மகள் சொன்னது.

வேலைத் தேர்வுக்காக ஆங்கிலச் சொற்களை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். 'இம்பார்ஷியல்' என்றால் பாரபட்சம் பார்க்காதவர். பொருள் தெரிந்தது, யாரை அப்படிச் சொல்லலாம் என்றுதான் தெரியவில்லை.

"எங்க மாஸ்டரைத்தான்!" என்றாள் அவள்.

அங்கே சனிக்கிழமைகளில் ஒத்திகைத் தேர்வு. காரை ரிவர்ஸில் கொண்டுவந்து இரண்டு டிரம்களுக்கு நடுவே நிறுத்த வேண்டும். இடிக்காதவர்களைத்தான் மாஸ்டர் லைசென்ஸ் எடுக்க அனுப்புவார். இடித்தவர்களுக்கு ஞாயிறு மாலை மறுபயிற்சி, ஒவ்வொருவராக.

மாஸ்டரின் மனைவியும் அங்கே மாணவி. போன சனிக்கிழமையும் டமாலென்று இடித்தார்.

"ஃபெயில். அடுத்த ஆள்!"

"உங்க வீட்டம்மா சார்! கொஞ்சம் கண்ணை மூடிக்கக் கூடாதா?" என்றார் வரிசையில் நின்ற பல் டாக்டர்.

"சொத்தைப் பல்லைப் பார்த்தா நீங்க மூடிப்பீங்களா டாக்டர்?"

எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார்.

என் அத்தை மகளுக்குப் பொறுக்கவில்லை. அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உங்களுக்கு அப்புறம் சேர்ந்தவங்க எல்லாம் லைசென்ஸ் வாங்கிட்டாங்கக்கா. இந்தக் கல்நெஞ்சக்காரர்கிட்ட ஏன் அவமானப்படறீங்க? வேற ஸ்கூல்ல சேர்த்துவிடறேன், வாங்க."

"ஐயையோ, வேண்டாம்மா!"

"அவ்வளவு பயமா?"

"பயமாவது! வாரம் பூரா ஊரார் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கற மனுஷன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் என் பக்கத்துல உட்கார்றார். வீட்டுல பேசாததெல்லாம் கார்ல பேசறார். நான் இடிக்காம நிறுத்திட்டா அதுவும் போச்சு." குரலைத் தாழ்த்தினார். "வேணும்னுதான் இடிக்கறேன். அவர்கிட்ட சொல்லிடாதே. ரொம்ப நேர்மையான மனுஷன், மனசு உடைஞ்சுடுவார்."

கேட்டதும் எனக்குச் சந்தோஷம். 'எங்கள் மாஸ்டர் இம்பார்ஷியலானவர்' என்று எழுதிக்கொண்டேன். ஆனால் சரிபார்க்காமல் எதையும் எழுதிப் பழக்கமில்லை. அடுத்த சனிக்கிழமை நானே போய் நின்று பார்த்தேன்.

அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

மனைவியின் முறை வந்தபோது மட்டும், மாஸ்டர் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து டிரம்மைக் காலால் உள்ளே தள்ளி இடைவெளியைக் குறைத்துவைத்தார்.