டீச்சர் காரில் பெட்ரோல் வாடை

காரின் பின்சீட்டுக்குள் தலையை நுழைத்து, கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்தார் மெக்கானிக் ராட்கோ. மூன்று வாரத்தில் இது மூன்றாவது முறை. "ஆமா டீச்சர், பெட்ரோல் வாடைதான்," என்றார், கேஸ் தோற்ற வக்கீல் மாதிரி.

"அதைக் கண்டுபிடிக்க உங்ககிட்ட வரணுமா மேஸ்திரி? இருபத்தாறு வருஷமா பிள்ளைங்களுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கறேன்," என்றார் ரோசித்சா டீச்சர். கையில் வழக்கம்போல ஒரு ஜாடி குடமிளகாய்த் தொக்கு.

செப்டம்பர் மாதம். செவ்லியெவோ ஊரில் வீட்டுக்கு வீடு தொக்குக்காகக் குடமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகையில் வேறெந்த வாடையும் மூக்குக்கு லேசில் எட்டாது.

வேலிக்கு அந்தப் பக்கம் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு பென்ச்சோ குரல் கொடுத்தார். "ஏம்ப்பா ராட்கோ! வாடை டீச்சர் கார்லயா, உன் சட்டையிலயா? சென்ட் இங்க வரைக்கும் தூக்குதே!"

"உன் மிளகாய் கருகுது, அதைப் பாரு!" என்று கத்திவிட்டு ராட்கோ பட்டறைக் கதவைச் சாத்தினார்.

டீச்சர் சிரிக்கவில்லை. "தெளிவா சொல்லிடறேன் மேஸ்திரி. இன்னைக்கும் சரியாகலேன்னா காரை வித்துடுவேன். சனிக்கிழமை ஒருத்தர் பார்க்க வர்றார். அப்புறம் எனக்கு பஸ்ஸே போதும்."

ராட்கோ மனசுக்குள் கணக்குப் போட்டார். கார் போய்விட்டால் டீச்சர் இந்தப் பக்கம் வரமாட்டார். கார் சரியாகிவிட்டாலும் வரமாட்டார்.

கோளாறு என்னவென்று ராட்கோவுக்கு முதல் நாளே தெரியும். வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டையை விரித்து வைத்துப் பார்த்ததில், இன்ஜின் பக்கம் ஒரே ஒரு சொட்டுக் கறை. அங்கே வெடித்திருந்த குழாயை அன்றைக்கே மாற்றிவிட்டார். ஒழுகுகிற விஷயத்தில் அவர் விளையாடுவதில்லை.

மிச்சமிருந்தது டேங்க் மூடியின் ரப்பர் வளையம். காய்ந்துபோய்க் கீறல் விட்டிருந்தது. டேங்க் நிறைந்திருக்கும்போது, வண்டி வளைவில் திரும்பினால் மட்டும் லேசாக ஆவி கசியும். புது வளையம் மூன்று வாரமாக மேஜை இழுப்பறையில் கிடந்தது. இரண்டு முறையும் ராட்கோ பழையதையே துடைத்து மாட்டி அனுப்பியிருந்தார்.

ஸ்பெயினுக்கு வேலைக்குப் போன மனைவி விவாகரத்துப் பத்திரத்தைத் தபாலில் அனுப்பி ஏழு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு இந்தப் பட்டறையில் உட்கார்ந்து, நிதானமாகக் காபி குடித்து, "இந்தப் பையன் என்ன எழுதியிருக்கான் பாருங்க" என்று பரீட்சைத் தாளைக் காட்டிச் சிரித்த ஒரே ஜீவன் டீச்சர்தான். கணவரை இழந்து ஐந்து வருடமான அவருக்கும் வீட்டில் பேச ஆள் இல்லை.

"மூடி சாவி குடுங்க டீச்சர்," என்றார் ராட்கோ. டேங்க் மூடிக்குத் தனிப் பூட்டு. அதற்கு இருந்த ஒரே சாவி டீச்சரின் சாவிக்கொத்தில்தான் தொங்கியது.

மனசைக் கல்லாக்கிக்கொண்டு புது வளையத்தை மாட்டினார். டேங்க்கை நிரப்பி, டீச்சரையும் ஏற்றிக்கொண்டு, ஆற்றங்கரைச் சாலையின் அத்தனை வளைவுகளிலும் ஓட்டிக் காட்டினார். கண்ணாடியை ஏற்றி வைத்தும் வாடை துளிகூட இல்லை.

"இனி வராது," என்றார்.

"நிச்சயமா?"

"நிச்சயம் டீச்சர்."

அலமாரியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த இரண்டு காலி ஜாடிகளையும் எடுத்து நீட்டினார். தொக்குப் போடும் காலத்தில் ஊரில் ஜாடிக்குத்தான் பஞ்சம். திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது மரியாதையில்லை.

"ரெண்டையுமா?" என்று கேட்டார் டீச்சர். அன்று காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை வாசலில் ஹாரன் சத்தம். கார் உள்ளே நுழையும்போதே வாடை குப்பென்று அடித்தது. முன்பைவிட மோசம்.

"மறுபடியும் மேஸ்திரி," என்றார் டீச்சர். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் ராட்கோவை இன்னும் கலக்கியது.

சாவியை வாங்கி மூடியைத் திறந்தார். வளையத்தைக் காணோம். மூடியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். விரலை விட்டுத் தடவினார். தரையில் முட்டி போட்டுக்கூடத் தேடினார்.

எழுந்தபோது முகம் காது மடல் வரை சிவந்திருந்தது. "டீச்சர், உண்மையைச் சொல்லிடறேன், அப்புறம் என்ன வேணா திட்டுங்க. முதல் ரெண்டு தடவையும் வேணும்னேதான் பழைய வளையத்தை மாட்டினேன். நீங்க திரும்பி வரணும்னு. ஆனா இந்தத் தடவை புதுசுதான் போட்டேன், எங்கம்மா சத்தியமா! எப்படிக் காணாமப் போச்சுன்னே தெரியல."

டீச்சர் பையிலிருந்து தொக்கு நிறைந்த ஒரு ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். வழக்கமான நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார்.

ராட்கோவுக்கு அழுகை வராத குறை. "நாளைக்குக் கார் பார்க்க வர்றவர்கிட்ட நானே பேசறேன் டீச்சர். தப்பு என்னுதுன்னு சொல்லிடறேன். காரை மட்டும் வித்துடாதீங்க."

"அப்படி யாரும் கிடையாது மேஸ்திரி. வளையம் என் பையிலதான் இருக்கு, காபி போடுங்க."