பிழையில்லாத ஒரு செய்தி

அவள் செல்பேசியை மறுபடியும் கண்ணருகே கொண்டுவந்தாள்.

ஒரு பிழைகூட இல்லை.

'ஐ ஹேவ் பீன் பிஸி சின்ஸ் டியூஸ்டே. டோன்ட் வொரி. ஐ வில் கால் யூ ஆன் சண்டே.'

கணவனின் எண்ணிலிருந்துதான் வந்திருந்தது. ஞானதிரவியம். ஓமானில் வெல்டர்.

எதிரே பிள்ளைகள் காத்திருந்தார்கள். பாளையங்கோட்டையில் வங்கித் தேர்வுக்குத் தயார் செய்யும் பயிற்சி மையம். ஜெபக்கனி அங்கே ஆங்கிலம் எடுக்கிறாள்.

பலகையில் ஒரு வாக்கியம், நான்கு துண்டாக. பிழை எந்தத் துண்டில் என்று சொல்ல வேண்டும். எதிலுமே இல்லையென்றால் ஐந்தாவது விடை: பிழையில்லை. அவசரப்பட்டு அதைப் போட்டுவிடாதீர்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வாள்.

அவள் பலகையில் எழுதும் வாக்கியங்களில் பாதி அவனுடையவை. யாருடையவை என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

கல்யாணமான கையோடு கிளம்பிப் போனவன். அப்போதைய செல்பேசியில் தமிழ் கிடையாது. தமிழையே ஆங்கில எழுத்தில் அடிக்கலாமே என்று சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. இங்கிலீஷ் டீச்சரைக் கட்டியவனுக்கு ஒரு கௌரவம் வேண்டாமா என்றான். அவன் படித்தது தமிழ் வழியில் பத்தாவது.

தினமும் மத்தியானம் வரும்.

'டிட் யூ ஏட்?'

'டிட் யூ ஈட்' என்று திருத்தி அனுப்புவாள்.

'தேங்க்ஸ் டீச்சர்.'

மறுநாள் மத்தியானம்: 'டிட் யூ ஏட்?'

வேண்டுமென்றே செய்கிறானோ என்று சந்தேகம் வந்தது. விடுமுறையில் வந்தபோது கேட்டாள். தப்பாக எழுதினால் உன்னிடமிருந்து ஒரு மெசேஜ் கூடுதலாக வருகிறதே என்றான்.

முதல் பிள்ளை தங்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அம்மா காபி வாங்கப் போயிருந்தாள். தலையணைக்கு அடியில் செல்பேசி அதிர்ந்தது.

'டோன்ட் கிரை. ஐ ஆம் ஹியர் ஒன்லி.'

கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, இங்கேதான் இருக்கிறேன் என்கிறான்.

'ஒன்லி' அந்த இடத்தில் வரக்கூடாது. திருத்த அவளுக்குக் கை வரவில்லை.

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவள் எந்தப் பலகையிலும் எழுதியதில்லை.

இப்போது செல்பேசியில் தமிழ் வந்துவிட்டது. முகம் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். ஆனாலும் மத்தியானச் செய்தி மட்டும் இங்கிலீஷில்தான். அது வழக்கமாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று இது.

அவன் எழுதியிருந்தால் 'ஐ ஆம் பிஸி ஃப்ரம் டியூஸ்டே' என்றுதான் எழுதியிருப்பான். இத்தனை வருடத்தில் அந்த 'சின்ஸ்' அவனுக்கு வந்ததே இல்லை.

வேறு யாரோ அடித்திருக்கிறார்கள்.

சாக்பீஸை மேஜையில் வைத்தாள். வெளியே மாடிப்படிக்கு வந்து அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டாள்.

எடுத்தது ஒரு பெண். மலையாளம் கலந்த தமிழ். ஆஸ்பத்திரி நர்ஸாம். அவர் தமிழில் சொன்னதை நான்தான் இங்கிலீஷில் அடித்தேன் என்றாள். கொஞ்சம் தயங்கினாள். பிறகு, அவரிடமே கொடுக்கிறேன் என்றாள்.

"ஒண்ணுமில்லட்டி," என்றான் ஞானதிரவியம்.

எதற்கு ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள் என்று கேட்டாள் ஜெபக்கனி.

மெதுவாகச் சொன்னான். இரும்புத் தகடு சரிந்து கைமேல் விழுந்துவிட்டது. வலக்கை. மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். எப்படிச் சொல்வது என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் யோசித்துவிடலாம் என்று நினைத்தானாம்.

கீழே தெருவில் பள்ளிக்கூட வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. அது போனதும் அவன் கேட்டான்.

"இனி வெல்டிங் ஆகாதுன்னுட்டாங்க. இந்தக் கைய வச்சிக்கிட்டு அங்க வந்து நான் என்ன செய்ய?"

"வந்திருங்க."

அவ்வளவுதான் சொன்னாள்.

வகுப்புக்குத் திரும்பினாள். ஒரு பெண் எழுந்து விடை சொன்னாள். சரியா டீச்சர் என்று கேட்டாள். ஜெபக்கனி பலகையைப் பார்த்தாள். எழுதியிருந்தது எதுவும் மனதில் ஏறவில்லை. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.

போகும்போது மையத்தின் பொறுப்பாளரைப் பார்த்தாள். மாலை வகுப்பும் தனக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

அடுத்த மாதம் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் நின்றாள்.

ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அட்டைப் பெட்டிகள், கம்பளிகள், ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகள். கூட்டம் குறைந்த பிறகு அவன் வந்தான். ஒற்றைக் கையால் தள்ளியதில் தள்ளுவண்டி கோணிக்கோணி வந்தது.

வலக்கை பேன்ட் பைக்குள் இருந்தது.

"ரொம்ப நேரமா நிக்கியா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

கார் டிரைவர் தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டு முன்னால் போனார். இருவரும் பின்னால் நடந்தார்கள். மழை பெய்து விட்டிருந்தது. விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைப் பற்றி அவன் பேசினான். ஓமானில் அவன் வேலை பார்த்த சோஹாரில் வெயில் எப்படி என்று பேசினான். பக்கத்துக் கட்டில்காரர் தந்தனுப்பிய பேரீச்சம்பழத்தைப் பற்றிப் பேசினான். கையைப் பைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை.

ஜெபக்கனி நின்றாள்.

அவனும் பேச்சை நிறுத்திவிட்டு நின்றான்.

அவள் அவனுக்குப் பின்னால் சுற்றி வலப்பக்கம் வந்தாள்.

அந்தப் பைக்குள் தன் கையை விட்டாள்.